மணற்புல்

ஹோல்வெர்டில் படகு ஏறும்போதே
பையில் நீலக் குறிப்பேடு இருந்தது.
ஆமெலாண்ட் தீவில் ஆறு நாள்,
ஆறு பாடம்.
தலைப்பும் வசனமும் எழுதி
அடிக்கோடிட்டு வைத்திருந்தேன்.
ஞாயிறு பள்ளி ஆசிரியைக்கு
விடுமுறை ஏது?
வீபே சிரித்தான்:
"கடலுக்கே கேள்வித்தாள் தயாரித்துவிட்டாய்."

முதல் நாள், மணல்மேல் வீடு கட்டின மனுஷன்.
நைங்கெ வாளியைக் கவிழ்த்துக் கோட்டை எழுப்பினாள்.
அலை வந்து இடிக்கட்டும், பாடத்தைச் சொல்லலாம்
என்று நின்றேன்.
வடகடல் பின்வாங்கிக்கொண்டிருந்தது.
இரண்டு மணி நேரமாய்
கோட்டைக்கு ஒரு கீறல் இல்லை.
"இங்கே கன்மலை எங்கேம்மா?" என்றாள்.
தேடிப் பார்த்தேன்.
கலங்கரை விளக்கம் மணல்மேல்.
ஆலயமும் அதன் மணியும் மணல்மேல்.
ரொட்டிக்கடை, எங்கள் கூடாரம்,
கல்லறைத் தோட்டம்கூட.

இரண்டாம் நாள் மழை.

மூன்றாம் நாள், காணாமற்போன வெள்ளிக்காசு.
கார் சாவியைத் தொலைத்து
பாடத்தை நானே நடித்துக் காட்டினேன்,
மண்டியிட்டு, விரலால் கடற்கரையைச் சலித்து.
சாவி ரொட்டிப் பையில் கிடந்தது.
அயலாரை அழைத்துச் சந்தோஷப்படவில்லை.
"யார் இதிலே போட்டது?" என்று கத்தினேன்.
நான்தான்.

அன்றிரவு ஜெபத்தில் யெல்மெர் கண் மூடவில்லை.
பதினாலு வயது.
ஆமென் வரைக்கும்
கூடாரத் துணியில் ஊர்ந்த வண்டைப் பார்த்திருந்தான்.
எனக்கு எப்படித் தெரியும் என்றால்
நானும் மூடவில்லை.
"நன்றி சொல்லாதவனுக்கு
என் மேசையில் தட்டு கிடையாது."
வாயைவிட்டுப் போன பிறகுதான்
சொல்லின் எடை தெரிந்தது.
தட்டை மெல்ல என் பக்கம் நகர்த்திவிட்டு
எழுந்து போனான்.
உருளைக்கிழங்கில் ஆவி பறந்துகொண்டே இருந்தது.

நாலாம் நாள் குறிப்பேட்டைத் திறக்கவில்லை.
மணற்குன்றில் வேலி செப்பனிட்ட அவுக்யெ
நைங்கெயை ஓர் அதட்டு அதட்டினாள்:
"புல்லைப் பிடுங்காதே!
தீவைப் பிடித்து வைத்திருப்பதே அதுதான்.
மணல் மூட மூட மேலே ஏறும்.
மூடாமல் விட்டால் வாடிவிடும்."
சொல்லிவிட்டு சைக்கிளில் போய்விட்டாள்.
இருபது வருஷமாகக் கன்மலையைப் பற்றிப் பேசுகிறேன்.
புல் என்றால் எனக்கு
உலர்ந்துபோவது, அவ்வளவே.
கூராய், சாம்பல் பச்சையாய்,
கழுத்தளவு புதைந்து நின்றது அது.

ஐந்தாம் நாளுக்குச் சொல்ல ஒன்றுமில்லை.
கடல் வந்தது, போனது.
யெல்மெரும் நானும்
"உப்பு", "துண்டு" என்ற அளவில் பேசிக்கொண்டோம்.

கடைசி விடியலில் விழித்தபோது
அவன் தூக்கப்பை காலியாய்க் கிடந்தது.
செருப்பைத் தேடாமல் குன்றேறி ஓடினேன்.
கீழே, காற்றுத் தடுப்புக்குப் பின்னால்
கேஸ் அடுப்பை மூட்டிக் குந்தியிருந்தான்.
வாணலியில் மீன் விரல்கள்,
ஊருக்குப் போகுமுன் தீர்க்கவேண்டிய
கடைசிப் பாக்கெட்.
ஒரு பக்கம் கருகிவிட்டது.
பக்கத்தில் ரொட்டி.

"வா, சாப்பிடு" என்றான்.
என் முகத்தைப் பார்க்கவில்லை.

கரியடுப்பும் மீனும் ரொட்டியும்
துணிப் பலகையில் எத்தனை முறை ஒட்டியிருக்கிறேன்!
மறுதலித்தவனை நெருப்புக்கு அருகில்,
சற்றுத் தலை குனிந்தாற்போல.
ஒட்டுகிற கை என்னுடையது.
அதனால் நான்
அந்தக் கரையில் இல்லை என்று நினைத்திருந்தேன்.

குளிர்ந்த மணலில் உட்கார்ந்தேன்.
பல்லில் மணல் நறநறத்தது.
மூன்றாவது துண்டில்தான் ஞாபகம் வந்தது,
நன்றி சொல்லவில்லை.
கை பாதியில் நின்றது.
அவன் நிமிர்ந்து பார்த்தான்.
"ஆறிவிடும்" என்றான்.

சாப்பிட்டேன்.